கூட்ஸ் வண்டி போகும் வரை

அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. கிடார் வாசிப்பவன் அனுப்பியிருந்தான். கூடவே இரண்டு வரி: "நாளைக்குக் காலையில ஃபைனல் அனுப்பணும். அதுக்குள்ள உன் லிஸ்ட் வேணும், பொய் சொன்னா கண்டுபிடிச்சிடுவேன்."

துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தபோது அவனும் நானும் ஒரே பேண்டில் இருந்தோம். நான் பேஸ் கிடார். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் எங்கெங்கே சொதப்பினோம் என்று வரிசையாக எழுதி அனுப்புவேன். திட்டிக்கொண்டே படிப்பார்கள். பிறகு ஊரிலிருந்த நான்கு பேண்டுகளிலிருந்து ஆளுக்கொருவராகச் சேர்ந்து ஒரு புதிய பேண்ட் உருவானது. ராக் உலகில் இதை சூப்பர்குரூப் என்பார்கள். எங்களிடமிருந்து அவன் போனான். பேஸ் வாசிக்க வேறொரு பேண்டின் பெண்ணை எடுத்தார்கள். நால்வரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். நான் இங்கேயே ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலையில் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். நாங்கள் பிராக்டிஸ் செய்த அறை அதுதான். என் ஆம்ப்ளிஃபயர் பெட்டி இன்னும் மூலையில் இருக்கிறது. இப்போது அதன்மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்குகிறோம்.

முதல் பாட்டு நன்றாக இருந்தது. டிரம்ஸ் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் அவ்வளவு தெளிவு. இரண்டாவதில் பாடுகிறவளின் குரலுக்கு எதிரொலி அதிகம். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரல், அதற்கு அந்த உதவி தேவையில்லை. மூன்றாவது, நான்காவது இரண்டிலும் நால்வரும் தங்கள் திறமையை ஒரே சமயத்தில் காட்டுகிறார்கள். பந்தியில் எல்லாரும் ஒன்றாகப் பரிமாற வந்தால் இலையில் என்ன விழுந்தது என்றே தெரியாதில்லையா, அப்படி. பேஸ் வாசிப்பவள் என்னைவிட நன்றாக வாசிக்கிறாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆறாவது பாட்டில்தான் கை நின்றது.

இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. கிடாரில் ஒரே ஒரு கார்டு, சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள். அடியில் பேஸின் ஒற்றைச் சுரம். அது போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கேட்பவர்களுக்குப் பாட்டு கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் தோன்றும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. பிராக்டிஸின் நடுவில் வண்டி வந்தால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் பாட்டை நிறுத்த மாட்டோம். அவன் கடைசி கார்டைப் பிடித்துக்கொள்வான், நான் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருப்பேன். ஜன்னல் பக்கம் நிற்பது நான். கடைசிப் பெட்டி தாண்டியதும் தலையாட்டுவேன், எல்லாரும் ஒன்றாகப் பாட்டுக்குள் வருவோம். கீழேயிருந்து அம்மா, "அந்த ரயிலே தேவலாம்!" என்று கத்துவாள்.

அவனுக்குப் போன் செய்தேன்.

"என்ன இன்ஜினியர் மேடம், பாஸா ஃபெயிலா?"

"ஆறாவது பாட்டுல அது என்ன வண்டிடா?"

அவன் சிரிக்கவில்லை. "கூட்ஸ்" என்றான்.

"அதானே. எக்ஸ்பிரஸ்னா இவ்வளவு நேரம் ஆகாது."

"இங்க எல்லாரும் அதை எடுத்துடுன்னு சொல்றாங்க. ஏன் வேணும்னு என்னால சொல்ல முடியல. ரயில்னு சொன்னா சிரிப்பாங்க. நீ வேணாம்னு சொல்லிட்டா எடுத்துடறேன்."

வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே வைத்துவிடுவான். அந்த ஆல்பத்தில் நான் இருக்கும் ஒரே இடம் அது. ஆனால் பாட்டு அங்கே உட்கார்ந்துவிடுகிறது என்பதும் உண்மை. ரயிலைப் பார்க்காதவர்கள் அவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருப்பார்கள்?

"நீளம்டா. பாட்டைக் கெடுக்குது" என்றேன்.

"தெரியும்" என்றான். "இங்க யாரும் தலையாட்டல. எப்ப உள்ள வரணும்னே எனக்குத் தெரியல. அதான் அப்படி இழுத்துடுச்சு."

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பாதை காலியாக இருந்தது.

"மொத்தமா எடுக்காதே. குறைச்சா போதும்" என்றேன். "பாட்டைப் போடு, எதுவரைக்கும்னு சொல்றேன்."

ஸ்பீக்கரில் போட்டான். சரணம் முடிந்தது. கார்டு எழுந்தது, அடியில் அவளுடைய சுரம். என் இடது கை விரல், ஜன்னல் கம்பியில், அந்தச் சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. மனசுக்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. பாட்டு மேலே ஓடியது.

"என்னடி, இன்னுமா போகல?"

"எப்பவோ போயிடுச்சு. தலையாட்டினேனே."

"எனக்கு எப்படித் தெரியும், லூசு? வாயால சொல்லு."

மறுபடி போட்டான். இந்தமுறையும் தலையாட்டினேன். கூடவே சொன்னேன்:

"இப்ப."