ஸபூர் செய்த ஆதம்பாவா

மனைவி ஹாஜறா வெண்டிக்காய் பறிக்கத் தொடங்கியதும் ஆதம்பாவா சாய்மனைக் கதிரையை வீட்டு நிழலுக்கு இழுப்பார். நிழல் நகர நகரக் கதிரையும் நகரும். அதைத் தவிர, உழைப்பென்று சொல்லத்தக்க எதையும் இந்த ஆறு வருடத்தில் அவர் உடம்பு அறிந்ததில்லை. என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "நான் தென்னந்தோட்டக்காரன்" என்பார். சாய்ந்தமருதில் உள்ள அவருடைய வளவில் பேருக்கு ஒரு தென்னைகூட இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அங்கே நின்ற தென்னைகள் எல்லாவற்றையும் சரித்துப் போட்டது. விடிந்ததும் ஆதம்பாவா விழுந்த மரமொன்றில் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு, தன் வாப்பா அந்த மரங்களை நட்ட கதையை முதலிலிருந்து சொன்னார். வராதவர்களின் வீடு தேடிப் போயும் சொன்னார். அந்த வீடுகளின் கூரையும் பறந்திருந்தது அவர் கண்ணில் படவில்லை.

ஹாஜறாவின் கண்ணில் பட்டது. ஊரே கூரையில்லாமல் மழையில் நனைகிறது. வளவு நிறையப் பச்சை ஓலை கிடக்கிறது. பிள்ளைகளுக்கு உலை வைக்க அரிசியில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஓலைகளை வெட்டி இழுத்தாள்.

"வாப்பா வெச்ச மரம் புள்ள. மையத்தப் போட்டு இழுக்கிற மாதிரி இழுக்காத," என்றார் ஆதம்பாவா, மரத்தை விட்டு இறங்காமலே.

"மையத்த அடக்காம வெச்சிருந்தா நாறிப்போகும். எழும்புங்க, உங்களுக்குக் கீழயும் ஓலை கெடக்கு."

கூரை வேயக் கிடுகு பின்னினாள். கிடுகுக்கு அரிசி வந்தது, உப்பு வந்தது. அந்தச் சோற்றை அவர் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்றார். அடிமரங்கள் அறுபட்டு யார் யாருடைய வீட்டுக்கோ கூரை தாங்கும் வளையாகப் போயின. மரம் போன இடத்தில் வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில் ஹாஜறா வெண்டி போட்டாள், பயிற்றை போட்டாள், கத்தரி நட்டாள். அதைத் தோட்டமென்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "பொம்புளைகள்ற புல்லுப்பூண்டு" என்பார்.

சும்மா இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உபதேசத்தைத்தான் தாங்க முடியாது. மரக்கறியைக் கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோகச் சைக்கிளில் வருபவன் றஸாக். நெல் ஆலையில் வேலை போன சூட்டோடு ஹாஜறாவிடம் வந்து, "ராத்தா, மரக்கறிய நான் கொண்டுபோய்க் குடுக்கவா?" என்று கேட்டவன். நேற்று அவனை மறித்து வைத்துக்கொண்டார் ஆதம்பாவா.

"தம்பி, வேல போச்செண்டு மனச உடாத. ஸபூர் செய்யணும், பொறுமையா இரிக்கணும். காலம் மாறினா மனிசனும் மாறணும். என்னப் பாரு, எவ்வளவு பெரிய அழிவு. அசைஞ்சனா?"

"இல்ல காக்கா, நீங்க அசையவே இல்ல," என்றான் றஸாக், கூடையைக் கட்டியபடியே.

பாத்தியில் குனிந்திருந்த ஹாஜறாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஓலை கிழித்த தழும்புள்ள தன் விரல்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அவர் எழுந்தார். "இஞ்சதான் நிண்டிச்சு, செவ்விளனி. குலையப் பாத்தா நீ மலைச்சுப் போவாய்," என்று வெறும் வானத்தைக் காட்டியபடி, அண்ணாந்த முகத்தோடு பாத்திக்குள் நடந்தார். முந்தாநாள் நட்ட கத்தரிக்கன்று ஒன்று அவர் காலின் கீழ் மடங்கியது. அவர் குனியவில்லை. குலையின் பருமனைக் கைகளை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹாஜறா பக்கத்தில் வந்து குந்தினாள். அவருடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வரம்பில் வைத்தாள். கன்றை நிமிர்த்தி மண் அணைத்தாள்.