கம்பி வழியே வந்த அம்மிச் சத்தம்

பேய் என்றால் பனி கொட்டும் ஊரில், ஆளில்லாத மாளிகையில், மெழுகுவத்தி அணைந்த பிறகு வருவது என்று படித்திருப்பீர்கள். இது அப்படியல்ல. மலாக்கா காஜா பெராங்கில், பட்டப்பகலில், அடுப்பில் மீன் பொரியும் நேரத்தில் நடந்தது. கேட்ட காதுகள் ஒன்றிரண்டல்ல, ஒரு சந்தே கேட்டது. அவர்களில் சிலர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். போய் விசாரித்துப் பாருங்கள். கோப்பி கொடுத்து உபசரிப்பார்கள், பேச்சை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

சங்கரன் ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. வீட்டுக்கு வந்தால் அவனுக்கு ஒரே பைத்தியம்தான். வெள்ளைக்கார ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒலிபெருக்கி இயந்திரத்தை வாங்கி, வால்வு மாற்றி, தன் ரேடியோவோடு இணைத்து, சந்தின் முதல் வீடான தன் வீடு உட்பட ஆறு வீடுகளுக்கும் கம்பி இழுத்திருந்தான். வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கர். அவன் ரேடியோவைத் திருப்பினால் சந்து முழுக்கப் பாட்டு. மழையில் கம்பி அறுந்தால் ஏணியோடு ஓடுவான். எறும்பு புகுந்த பெட்டியைத் திறந்து கோழியிறகால் துடைத்துக் கொடுப்பான். இதற்கெல்லாம் கூலி, போகிற வீட்டில் ஒரு கோப்பி.

கடைசி வீடு, ஆறாவது, கலியாணசுந்தரத்தினுடையது. லாரி வைத்திருந்தார். வெளுத்த சட்டை, நிதானமான பேச்சு. அவர் மனைவி மீனாச்சி ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எவனோடோ கப்பலேறிப் போய்விட்டாள் என்று அவரே சொன்னார். சொல்லும்போது கண் கலங்கினார். ஊர் நம்பியது.

இப்போது அவர் சங்கரனின் தங்கை இந்திராவைப் பெண் கேட்டார். அப்பா அம்மா இல்லாத பெண். சொந்த வீடு, லாரி உள்ள மாப்பிள்ளை. சங்கரன் சரி என்றான். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். இந்திரா கூடத்து ஓரத்தில் தலைகுனிந்து நின்றாள். ஆவணியில் கல்யாணம். நாடு சுதந்திரம் பெறும் மெர்டேக்கா நாள் முடிந்த மறு வாரம்.

அந்த ஆகஸ்டில்தான் சத்தம் தொடங்கியது.

முதலில் குறை சொன்னவள் இரண்டாம் வீட்டுப் பொன்னம்மா.

"தம்பி, உன் ரேடியோ ரோசாக்கா, கெட்டுப்போச்சா? பாட்டுக்கு நடுவுல எவளோ மொளகாச் சம்பால் அரைக்கிறா லா."

"உங்க வீட்டு அம்மியா இருக்கும்க்கா."

"என் அம்மிய நான் தொட்டே ரொம்ப நாளாச்சு. வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்ல, கஞ்சிதான். நம்பலன்னா வந்து பாரு. அவரயும் சேர்த்துப் பாத்துட்டுப் போ."

சங்கரன் சிரித்தான். காரணம் அவனுக்குத் தெரியும். ஸ்பீக்கர் என்பது வாய் மட்டுமல்ல, காதும்தான். ஒரு வீட்டில் பெட்டிக்கு அருகே பலமாக எதையாவது இடித்தால், கம்பி வழியே மற்ற வீடுகளிலும் அது லேசாகக் கேட்கும். எந்த வீடு என்று கண்டுபிடித்தால் தீர்ந்தது.

சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு ரேடியோவை அணைத்தான். பெட்டியில் காதை வைத்தான்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

அம்மியில் குழவி இழுபடும் சத்தம். மூன்று இழுப்பு. ஒரு நிறுத்தம். வளையல்கள் கிலுங்கி மேலேறின. மறுபடி மூன்று இழுப்பு.

இயந்திரத்தின் பக்கத்துப் பலகையில் எல்லா வீட்டுக் கம்பிகளும் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தான். இரண்டாம் வீடு. சத்தம் இருந்தது. மூன்றாம் வீடு. இருந்தது. நான்கு, ஐந்து. இருந்தது. ஆறாம் வீட்டுக் கம்பியில் விரலை வைத்தான்.

நின்றுவிட்டது.

அவன் இன்னும் கழற்றவில்லை. தொட்டான், அவ்வளவுதான்.

விரலை எடுத்தான்.

கர்ர்...

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னம்மா உள்ளே வந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது.

"வளையலத் தள்ளிவிட்டு அரைக்கிறா பாரு... தம்பி, இது மீனாச்சி கை லா."

சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள்.

கலியாணசுந்தரம் லாரியோடு மூவாருக்குப் போயிருந்தார். கல்யாணத்துக்குள் விளக்குக் கம்பிகளைச் சரிபார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். சங்கரன் அந்த வீட்டைத் திறந்தான். கூடம் சுத்தமாக இருந்தது. சமையலறையில் சாம்பல்கூட இல்லை. ஆனால் சம்பாலில் சேர்க்கும் இறால் பெலாச்சான் வாசனை... அப்போதுதான் வாட்டி எடுத்தது போல.

அம்மியைத் தேடினான். அம்மி இல்லை. சிமெண்டுத் தரையில் அது இருந்த இடம் மட்டும் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது.

பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கினான். வெளியே, அவன் வீட்டு வாசலிலிருந்து பொன்னம்மாவின் குரல் கேட்டது.

"கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்!"

"இங்க இன்னும் அரைக்கிறா!"

சங்கரன் கம்பியின் பின்னாலேயே போனான். அது சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போய், கொல்லையைக் கடந்து, அடுத்த வீட்டுக் கூரையைப் பிடித்தது. நடுவில் ஒரு பழைய கிணறு. குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, கொசு பெருகுகிறது என்று கலியாணசுந்தரம் பலகை அடித்து மூடியிருந்தார். அதற்கு மேலே கம்பி தொய்ந்து தொங்கியது.

காற்று இல்லை. வாழையிலைகூட அசையவில்லை.

கம்பி அதிர்ந்தது. மூன்று முறை.

நின்றது.

மறுபடி மூன்று முறை.

மறுநாள் மாப்பிள்ளை வந்ததும் கேட்டான், சும்மா கேட்பது போல.

"மாப்பிள்ளை, வீட்டுல அம்மிய காணோமே?"

"அவ கொண்டு போயிட்டா."

"அம்மியவா? கப்பலுக்கா?"

கலியாணசுந்தரம் அவனைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்ன மச்சான், தங்கச்சிக்கு அம்மி வேணுமா? புதுசா வாங்கிடுவோம் லா."

சங்கரன் அன்று ராத்திரி முழுக்க யோசித்தான். போலீஸில் போய் என்ன சொல்வது? கம்பி சம்பால் அரைக்கிறது என்றா? கல்யாணத்தை நிறுத்தலாம். ஆனால் தட்டு மாற்றிய பிறகு நின்றால், குறை பெண்ணிடம்தான் என்று ஊர் பேசும். இந்திராவை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். நிறுத்தாவிட்டால்... வெளிறிய அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் அவள் போய் அடுப்பு மூட்டவேண்டும். மெர்டேக்கா முடியட்டும், அன்று சாயங்காலமே கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானித்தான்.

ஆகஸ்டு முப்பத்தொன்று காலை. பெட்டிகளில் பெரியது ஆறாம் வீட்டில்தான் இருந்தது. சந்தே அங்கே கூடியிருந்தது. பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. சங்கரன் கழற்றிய கம்பிகளை மறுபடி மாட்டி, தன் வீட்டில் இயந்திரத்தை எரியவிட்டு, ரேடியோவைத் திருப்பிவைத்து வந்தான். கோலாலம்பூரில் மழை, விழா தாமதம் என்றது பெட்டி. கலியாணசுந்தரம் புது வேட்டியில் எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார்.

"இந்திராவ ஏன் கூட்டி வரல?" என்றாள் பொன்னம்மா.

"தலைவலியாம்க்கா."

பேண்டு வாத்தியம் எழுந்தது. கூட்டத்தின் இரைச்சல். பிறகு அந்த முழக்கம். மெர்டேக்கா! பிள்ளைகள் துள்ளினார்கள். பெட்டி மறுபடி முழங்கியது. மெர்டேக்கா!

கர்ர்... கர்ர்... கர்ர்...

பிள்ளைகள் நின்றார்கள்.

முழக்கம் தூரத்துக்குப் போய்விட்டது. அரைக்கும் சத்தம் மட்டும் அருகே வந்தது. வளையல் கிலுங்கியது. பிறகு குழவியைக் கழுவும் சத்தம்.

பெட்டியிலிருந்து ஒரு பெண் சொன்னாள். கோபமில்லாமல். தினமும் சொல்வது போல.

"ஏங்க... சாப்பிட வாங்க."



கலியாணசுந்தரம் கோப்பித் தட்டைக் கீழே வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வாய் மட்டும் தானாக அசைந்தது.

"இதோ வர்றேன்."

சமையலறை வழியாகக் கொல்லைக்கு நடந்தார். தடுக்க எவருக்கும் கை எழவில்லை.

பெட்டியில் 'தொம்' என்று சத்தம். தண்ணீரில் கனமாக ஏதோ விழும் சத்தம்.

அதற்கப்புறம்தான்... கொல்லையிலிருந்து அதே சத்தம் வந்தது.

பெட்டி முதலில். கிணறு பிறகு.

பெட்டிக்குள் குமிழிகள் வெடித்தன. ஒன்று... இன்னொன்று...

"நிறுத்து தம்பி! அத நிறுத்து!" என்று அலறினாள் பொன்னம்மா.

சங்கரன் தன் வீட்டுக்கு ஓடினான். சுவிட்சைப் பிடித்தவன் அப்படியே நின்றான். வால்வுகளில் வெளிச்சம் இல்லை. கை வைத்தான்.

குளிர்ந்திருந்தன.

சுவரில் பியூஸ் கம்பி உருகிக் கருகிக் கிடந்தது. அந்த வால்வுகள் இப்படி ஆற அரை மணியாவது ஆகும். அப்படியானால் இவ்வளவு நேரம் எல்லோரும் கேட்டது...

அவன் திரும்பி வந்தபோது ஆண்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். ஆணி அடித்திருந்த பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதற்கு அவருக்கு நேரமே இருந்திருக்காது. போலீஸார் வந்து கிணற்றிலிருந்து அவர் பிணத்தைத் தூக்கினார்கள். அவருக்குக் கீழே அம்மி இருந்தது. அம்மியோடு சேலையால் கட்டப்பட்டு, மீனாச்சி இருந்தாள், எலும்பும் வளையலுமாக.

சில நாள் கழித்து, மத்தியானம், சங்கரன் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். இந்திரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நான் அன்னைக்கே நிறுத்தியிருக்கணும்மா. நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி..."

"மீனாச்சி அக்கா கேட்டாங்கண்ணே."

"என்ன கேட்டாங்க?"

"உனக்கு இந்தாளு வேணுமான்னு. நீங்க வேலைக்குப் போனதும் பெட்டியில கேப்பாங்க. தினமும். வேற யாரும் என்னைக் கேக்கலையே."

சங்கரன் கையிலிருந்த கம்பிச் சுருள் அவிழ்ந்து தரையில் ஓடியது.

"நீ... என்ன சொன்ன?"

"முதல்ல பயமா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன். மெர்டேக்காவுக்கு மொத நாள்தான் சொன்னேன்." அவள் சட்டையின் கையை நீவி மடித்தாள். "எனக்கு வேணாம்க்கா, நீங்களே கூப்பிட்டுக்குங்கன்னு."