பின்பக்கமாய் ஏறிய மலை

தெல்தோட்டை மலைப் பாதையில் பழைய கார்களுக்கான பந்தயம். முடிவுக் கோடு தெரியும் தூரத்தில், கடைசி முடக்கில் என் வண்டி நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டிய வண்டி.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"என்னாங்க தம்பி, கோவிச்சிக்கிச்சா?"

"பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில இருக்குங்கக்கா, பம்பும் கிடையாது. இந்தச் செங்குத்து மேட்டுல முன்பக்கம் தூக்கிக்கிட்டா எஞ்சினுக்கு பெட்ரோல் ஓடாது. ரிவர்ஸ்லதான் ஏறணும். எல்லாரும் சிரிப்பாங்களே!"

"இங்கனயே நின்னா மட்டும் சிரிக்க மாட்டாங்களாக்கும்? திருப்புங்க!"

திருப்பிப் பின்பக்கமாக ஏறுகிறேன். சிரிக்கத்தான் செய்கிறார்கள். கோட்டைத் தாண்டி, பிரேக் போட்டு நிமிர்கிறேன். ஏறி வந்த மலை முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. வேறெந்த ஓட்டுநருக்கும் இன்று இந்தக் காட்சி கிடைக்கவில்லை.

கீழே அந்த அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார்: "நாந்தான் திருப்பச் சொன்னேன்!"