சாமி காட்டு வாசலில் கழற்றிய ஷூ

பேளுக்குறிச்சியில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை ஆறரை மணி. அன்று சந்தை நாள். கோழிக்கூடைகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே எங்கள் குழுவை நிற்க வைத்து, ஆளுக்கொரு மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தான் கௌதம். நடைப்பயணத்தை நடத்துகிறவன் அவன்தான், முப்பது வயதிருக்கும். சட்டையின் நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'விடாதே' என்று இருந்தது. எதை விடக்கூடாது தம்பி என்று கேட்டேன். "பாதியில விடாதேன்னு அர்த்தம் மேடம்" என்றான். என் தோழி மல்லிகா பதினைந்து ரூபாய் டீயைக் கீழே வைத்துவிட்டு, சுடிதாருக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். எனக்கு அந்தச் சட்டையை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

அடிவாரத்திலிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் கொல்லிமலை ஏறி, செம்மேட்டுப் பக்கம் தங்கி, குண்டனி நாடு என்ற மலைப்பகுதியின் ஊர்கள் வழியாக நடந்து, மூன்றாம் நாள் மாலை மலையின் மறுபக்கம் இறங்க வேண்டும். இதுதான் திட்டம். ஈரோட்டில் நானும் மல்லிகாவும் ஒரே தெரு. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அவள் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. பணம் கட்டும்போதே கௌதமிடம் சொன்னேன். "சூப்பர் மேடம், நடந்தா சுகர் இறங்கிரும்" என்றான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படி. போவது அவன் கால் இல்லையே!

முதல் நாள் முழுக்க ஏற்றம். கல்லும் வேரும் சறுக்கலுமான பாதை. மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தால் போதும், பின்னாலிருந்து கௌதமின் குரல் வரும்: "உக்காந்தா கால் பிடிச்சுக்கும், எழுந்திருங்க!" நாங்கள் தண்ணீர் குடிக்க நின்றாலும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மலை மேல் வந்து சேர்ந்தபோது குளிர்காற்றும், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும், சரிவெல்லாம் மரவள்ளியும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. நின்று பார்க்கத்தான் விடவில்லை. பார்க்க விடாமல் ஓட்டுவதற்கு மலை எதற்கு? எங்கள் ஊர் வ.உ.சி. பூங்காவைச் சுற்றி நடந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் மல்லிகா வலது காலை லேசாக இழுத்து நடந்தாள். கேட்டால், "ஒண்ணும் இல்லடி, புது ஷூ" என்றாள். இரவு தங்கிய இடத்திலும் சாக்ஸைக் கழற்றாமலே படுத்துவிட்டாள். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். மரவள்ளிக் காட்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தோம். வரப்பு முடியும் இடத்தில் அடர்ந்த மரக்கூட்டம் ஒன்று தொடங்கியது. உள்ளே இருட்டு, வெளியே துருப்பிடித்த வேல்கள் நட்டிருந்தன. கௌதம் முதல் ஆளாக உள்ளே காலெடுத்து வைத்தான். பக்கத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினாள்.

"ஏனுங்க! நில்லுங்க! சாமி காடுங்க அது. செருப்பைக் கழட்டுங்க!"

"இது செருப்பு இல்லீங்க, ஷூ" என்றான் கௌதம்.

"காலுக்குக் கீழ எது கெடந்தாலும் செருப்புதானுங்க. எங்க ஊட்டுக் கொழந்தைகூட இதுக்குள்ள செருப்போட போவாது."

அவள் பெயர் பழனியம்மாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றுவிட்டாள். நேரமாகிறதே என்று முனகிக்கொண்டே கௌதம் கழற்றினான். எல்லோரும் கழற்றிக் கையில் எடுத்தோம். மல்லிகா மட்டும் வரப்பில் உட்கார்ந்து ஷூவோடு மல்லுக்கட்டினாள். நான் இழுத்துவிட்டேன். சாக்ஸ் பெருவிரலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் ஊற்றி மெல்ல உரித்தேன். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, சதை தெரிந்தது. சாக்ஸ் முழுக்க ரத்தம்.

"ஐயோ, வலிக்கலையாடி?"

"இல்லியே" என்றாள், அவளும் அதைப் புதிதாகப் பார்த்து.

சர்க்கரை முற்றிய காலில் உணர்வு மரத்துப்போகும். மல்லிகாவின் அக்காவுக்கும் சர்க்கரை. அவள் வேண்டுதல் என்று பழனிக்குப் பாதயாத்திரை போய், வழியில் கொப்புளம் உடைந்தும் நிற்காமல் நடந்தாள். ஊர் திரும்பியதும் பெருவிரலை வெட்டி எடுத்தார்கள். பாதியில் திரும்பினால் முருகன் கோபித்துக்கொண்டிருப்பாரா? அன்றிலிருந்து அக்கா தன் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

கௌதம் குனிந்து பார்த்தான். "பிளாஸ்டர் ஒட்டிக்கலாம் மேடம். வலிதான் இல்லையே? இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மனசு சொன்னா கால் கேக்கும்."

"தம்பி, மனசு சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் கால் இப்படிக் கிடக்குது! சுவரை வெச்சுத்தான் சித்திரம். எங்களுக்கு இத்தோட போதும், நாங்க திரும்பறோம்."

"நான் திரும்பலை" என்றாள் மல்லிகா. "காட்டை வெறுங்கால்ல தாண்டிட்டு அந்தப் பக்கம் ஷூவைப் போட்டுக்கறேன்."

"உங்கக்கா கதி..."

"அக்காவை இழுக்காதே! அவளாட்டம் மூலையில உக்காரக் கூடாதுன்னுதான்டி நடக்கறேன்!"

"அவ திரும்பாததுனாலதான்டி மூலையில உக்காந்தா!" என்று கத்தினேன். குழுவில் இருந்தவர்கள் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார். இரண்டு நாள் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள்!

பழனியம்மாள் பக்கத்தில் வந்து காலைப் பார்த்தாள். "இந்தக் காலோட வெறுங்கால்ல போவாதீங்க சாமி, உள்ள பூரா முள்ளு. அதுக்காகச் செருப்புப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு நான் உடமாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

மல்லிகா கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள், அப்புறம் காலைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது. சட்டென்று அந்த மஞ்சள் சட்டையைத் தலைவழியாக உருவி என் மடியில் எறிந்தாள்.

"இதைக் கிழிச்சுக் கட்டுடி."

நான் காயத்தைக் கழுவி, என் சுத்தமான கைக்குட்டையை வைத்து, மேலே கட்டுவதற்குச் சட்டையைக் கிழிக்கத் தொடங்கியதும் கௌதம் பதறினான்: "மேடம், அது குரூப் போட்டோவுக்கு வேணுமே!" என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பழனியம்மாளே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வரப்பைச் சுற்றிக்கொண்டு போனால் ரோடு. அவளுடைய கிழங்கு ஏற்ற வந்த டெம்போ அங்கே நின்றது. நானும் பழனியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி மல்லிகாவை அழைத்துப் போனோம். டிரைவர் எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். குழு ஷூக்களைக் கையில் பிடித்தபடி காட்டுக்குள் நுழைந்தது. எங்களுக்கு யாரும் கையசைக்கவில்லை.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டை அவிழ்த்தார். 'விடாதே' என்ற எழுத்து ரத்தத்தில் ஊறியிருந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "நல்ல நேரத்துல நிறுத்துனீங்க. ஊருக்குப் போனதும் பெரிய டாக்டருக்குக் காட்டுங்க" என்றார்.

மதியம் கீழே இறங்கும் பேருந்து கிடைத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகள் வரை மல்லிகா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். நான் வாயைத் திறந்தால் கௌதமைத்தான் திட்டியிருப்பேன். ஈரோட்டில் ஒருவர் வேலையைப் பாதியில் நிறுத்தினால் ஏன், உடம்புக்கு என்ன என்று கேட்போம். மலையேறி வந்தால் மட்டும் அந்தக் கேள்வி எங்கே போய்விடுகிறது?

அடிவாரத்துக் காரவள்ளி நெருங்கும்போது அவள் போனை எடுத்தாள். சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான்தான். முடிக்கலைக்கா. பாதியிலயே திரும்பிட்டேன்."

"கால்ல என்ன கண்ணு?"

"புண்ணு. கட்டுப் போட்டிருக்கு."

"விரலு?"

மல்லிகா குனிந்து கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

"அஞ்சும் இருக்குதுக்கா."

அக்கா ஓவென்று அழுத சத்தம் பேருந்து முழுக்கக் கேட்டது.