மாலேயில் பால்சுறா தேடிப் போனது

ஒரு நாட்டின் தலைநகரத்தை மூலை விடாமல் காலால் நடந்து பார்த்தவன் நான். எங்கள் ஊர் பேசாலையில் இப்படிச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

பொய். மூலைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. நடந்ததும் ஊர் பார்க்க அல்ல, வழி பிழைத்ததால். பேசாலையில் நான் ஒருவன்தான் என்பதும் பொய். அங்கே வேலைக்குப் போய் வந்த பெடியன்கள் மூன்று நாலு பேர் இருக்கிறார்கள். தலைநகரம் என்பது மட்டும் உண்மை. மாலைதீவின் மாலே. எங்கள் மன்னார்த் தீவின் ஒரு துண்டை வெட்டிக் கடலில் மிதக்கவிட்டு, அதன் மேல் மாடி வீடுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ஊர்.

நாங்கள் போனது அங்கே அல்ல, துபாய்க்கு. மகளுக்கு அங்கே முதல் பிள்ளை பிறக்க இருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய்க்காரி, என் மனிசி, போகவேண்டும். துணைக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பை தூக்கத்தான் என்பது கொழும்பு விமான நிலையத்தில் விளங்கியது. மருமகன் மலிவாகப் பார்த்து எடுத்த டிக்கெட், மாலேயில் இறங்கி, அரைநாள் காத்திருந்து, வேறு பிளேன் ஏறவேண்டும்.

எங்கள் கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது கட்டாயம். அவித்து, முள் எடுத்து உதிர்த்து, உள்ளியும் மிளகும் போட்டு வறுத்துச் சோற்றோடு கொடுப்பார்கள். பால் ஊறும். மனிசி மூன்று பெற்றவள், மூன்றுக்கும் சாப்பிட்டவள். மகளுக்கென்று நல்ல பால்சுறா ஒன்றைக் கீறி, உப்பிட்டு, கூரையில் காயப்போட்டிருந்தாள். பயணத்துக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் பூனை அதை இழுத்துக்கொண்டு போய் வேலிக்கு அங்கால் வைத்துத் தின்றுவிட்டது. வேறு வாங்கலாம் என்றால் வாடைக்காற்று. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சந்தையில் கணவாய்கூட இல்லை.

மாலே விமான நிலையத்தில் கதிரையில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"மாசிக் கருவாடு வாறது இந்த நாட்டில இருந்துதானே?"

"ஓம்."

"மீன் நாட்டில சுறா இல்லாமல் போகுமே? போய்ப் பாத்து வாங்கோ. நான் பையளோட இருக்கிறன்."

பிளேனை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது இதுதான்: "பால் இல்லையெண்டு பிள்ளை அழுதால் அவள் ஆரைப் பாப்பாள்? என்னைத்தான். வெறுங்கையோட வந்திடாதேங்கோ."

அவள் என்னோடு இவ்வளவு மெதுவாகப் பேசுவது வருசத்தில் ஒருக்காதான். போனேன்.

நம் கடவுச்சீட்டுக்கு அங்கே வாசலிலேயே முத்திரை குத்தி விட்டுவிடுகிறார்கள். விமான நிலையம் இருப்பது தனித் தீவில். வெளியே வந்தால் கார் இல்லை, பஸ் இல்லை, வள்ளம் நிற்கிறது. வாழ்க்கையில் முதல்முறை பிளேனால் இறங்கியவன், இறங்கிய கையோடு வள்ளத்தில் ஏறினேன். ஏறியதும் எனக்குத் துணிவு வந்துவிட்டது. கெட்டுப்போனது அதிலேதான்.

மறுகரையில் இறங்கி நின்று, நான் ஒரு மீன்பிடிகாரன் போல யோசித்தேன். எங்கள் பக்கத்தில் மீன் வெட்டுகிற, கருவாடு போடுகிற இடம் எப்போதும் காற்றுக்குக் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். காற்றுக்கு மேல்பக்கம் போட்டால் நாற்றம் வீடுகளுக்குள் வரும், பெண்சாதிகள் சும்மா விடமாட்டார்கள். அன்றைக்குக் காற்று வடகிழக்கில் இருந்து வந்தது. ஆகவே சந்தை தென்மேற்கு மூலையில்தான் இருக்கவேண்டும். ஆரையும் கேட்கவில்லை. கேட்டாலும் அவர்கள் பாசை எனக்குத் தெரியாது, இங்கிலீசில் எனக்கு 'தாங்ஸ்' மட்டும்தான்.

காற்றை முதுகில் வைத்து நடந்தேன். ஒழுங்கைகள் எல்லாம் நாலு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம். அதற்குள் மோட்டார் சைக்கிள்கள் அயிரை மீன் மாதிரிக் கூட்டமாக வருகின்றன. சுவரோடு ஒட்டி நின்று விட்டுவிட்டுத்தான் போகலாம். ஒரு பழைய பள்ளிவாசல், அதைச் சுற்றிப் புதைகுழிகளில் நட்ட, பூ வேலை செய்த மீசான் கற்கள். பவளக்கல்லில் செதுக்கியது. எங்கள் பக்கத்தில் அந்தக் கல்லைச் சுண்ணாம்புக்குச் சுட்டுவிடுவார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதைக் கடந்தேன். பிறகு ஒரு பள்ளிக்கூடம், தையல் கடைகள், மாடியில் இருந்து கூடை இறக்கி, கீழே கடைக்காரன் வைத்த பாணை மேலே இழுத்த ஒரு பெண். எந்த ஒழுங்கையின் முடிவிலும் கடல் தெரிந்தது. எங்கே போனாலும் கடல் வரும் ஊரில் கடல்காரன் வழி பிழைப்பானா? பிழைத்தான்.

தென்மேற்கு மூலையில் சந்தை இல்லை. மூன்று நாலு கால் வைத்த பெரிய சீமெந்துக் கட்டிகளைக் கடலில் குவித்திருந்தார்கள். அலை அதில் அடித்துச் சிதறியது. மீன் மணமே இல்லை. மூக்கைத் தூக்கித் தூக்கி மணந்துகொண்டு கரையோடு நடந்தேன். நாயும் இல்லாத ஊர், நான்தான் அந்தக் குறையைத் தீர்த்தேன். இப்படியே தீவை வளைத்து வடக்குப் பக்கம் வந்து சேர்ந்தால், வள்ளங்கள் கட்டிய துறைக்கு முன்னால், வெள்ளை ஓடு பதித்த தரையில் சூரை மீனும் கெளவல்லு மீனும் வரிசையாகக் கிடக்கின்றன. நான் வந்து இறங்கிய துறையில் இருந்து ஒரு சுருட்டுப் பற்றி முடிக்கும் தூரம்தான். காற்றுக்கு மேலே. நாள் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள், பிறகு நாற்றம் எப்படி வரும்?

மீன் வெட்டுகிறவர்களின் கைவேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. சுறா எங்கே? வரிசை வரிசையாகப் பார்த்தேன். இல்லை. கேட்கப் பாசை இல்லை. கையை முதுகில் செட்டை மாதிரி நட்டு வைத்து, மிச்சம் இருந்த பல்லைக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினேன். வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். சிரித்தவர்கள் பிறகு சிரிப்பை நிறுத்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கையை ஆட்டி இல்லை என்றார்கள். நான் சின்னதாக என்று விரலால் காட்டினேன். அதற்கு இன்னும் மோசமாகப் பார்த்தார்கள்.

ஐஸ் பெட்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு மனிதன் நின்றான். கறுப்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. "அண்ணாச்சி, நீங்க சிலோனா?" என்றான். தூத்துக்குடிக்காரன். அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. விசயத்தைச் சொன்னேன்.

"இங்க சுறா பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் அண்ணாச்சி. விக்கவும் கூடாது. அந்த ஆட்டம் இன்னொரு வாட்டி ஆடாதீங்க."

"அப்ப திருக்கை?"

"அதுவும்தான்."

எங்கள் ஊரில் இந்தச் சட்டம் வந்தால் கோயிலில் பூசைக்கு ஆள் இருக்காது, முழுப்பேரும் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டு இருப்போம் என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மகளுக்கு எப்போது பிள்ளை என்று கேட்டான். இன்றைக்கோ நாளைக்கோ என்றேன். பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தான்.

"எங்க ஊர்லயும் சுறாப்புட்டுதான் குடுப்போம். எம் பொண்டாட்டிக்கு ரெண்டாவது பிறந்தப்ப நான் இங்க. சீசன் இல்ல, சுறா கிடைக்கல. முருங்கக்கீரையும் பூண்டும்தான் குடுத்தாங்க. பிள்ள நல்லா இருக்கு. வாங்க."

அடுத்த தெருவில் மரக்கறிச் சந்தை. வாழைக்குலைகள் தொங்கின, அதன் கீழே கட்டுக் கட்டாக முருங்கையிலை. அந்த ஊர்க்காரர் விரும்பிச் சாப்பிடுவது அதுதானாம். எங்கள் வீட்டு வேலியில் நிற்கிறது, ஆடு தின்று மிச்சத்தைத்தான் நாங்கள் பார்ப்போம். அதை நான் கடல் தாண்டி வந்து காசு கொடுத்து வாங்கினேன். மாசியும் ஒரு துண்டு. தூத்துக்குடிக்காரன் கடதாசியில் சுற்றிக் கொடுத்து, துறைவரைக்கும் கூட வந்து, சரியான வள்ளத்தில் ஏற்றிவிட்டான். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

பிளேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மனிசி இரண்டு பைகளையும் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். சட்டத்தைச் சொன்னேன், தூத்துக்குடிக்காரனின் பிள்ளையைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயது என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். பிளேனில் இருந்ததும் மடியில் கடதாசியை விரித்து, இலையை ஆய்ந்து, காம்பைப் பொறுக்கி என் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டாள். துபாய் வரைக்கும் அந்த வேலைதான்.

நாங்கள் போய்ச் சேர முதலே பேரன் பிறந்துவிட்டான். மனிசி மகளின் குசினியில் உள்ளியும் மாசியும் போட்டு இலையை வறுத்துச் சோற்றோடு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, சுறா எங்க?"

மனிசி என்னைக் காட்டினாள். "சந்தையில சுறா மாதிரி ஆடினவராம். அங்க சுறாவைத் தொட்டால் மறியலாம். இவரையும் பிடிச்சிருப்பாங்கள், பல்லு இல்லாதபடியால் விட்டிட்டாங்கள்."

மகள் சிரித்தாள். தையல் நொந்து, சிரித்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் ஏசினாள். சோறு முழுக்க உள்ளே போனது. பின்னேரம் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. மனிசி யன்னலடியில் போய் நின்று மூக்கைச் சிந்தினாள். அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த நேரம் மலையாளத்து நேர்ஸ் ஒருத்தி வந்து, இங்கே என்ன மணம் என்று கேட்டாள். மாசியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நான் அதை எடுத்து…

"இஞ்சருங்கோப்பா, வள்ளம் வந்திட்டுதாம், இழுக்க ஆள் காணாதாம். எழுதினது காணும், எழும்புங்கோ."

மனிசி வாசலில் நின்று கூப்பிடுகிறாள். வாறன், வாறன்.