காட்டேரி சாகவில்லை

வாய் நிறைய வெற்றிலையை மென்று, உதட்டோரம் சிவப்பு வழிய, "போதுமாடி? பயமா இருக்கா?" என்று பல்லைக் காட்டிய சீனியரின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகள் தொடங்கியிருந்தன. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி. நான் பி.ஏ. கடைசி வருடம், அவள் எம்.ஏ. கடைசி வருடம். விடுதியில் அடுத்தடுத்த அறை. "பயமா? மிச்ச வெத்தலயக் குடு, பசிக்குது" என்றேன். நாடகத்துக்கான ரத்தம் அது, வெற்றிலைச் சாறு.

ஆண்டு விழாவுக்கு, ஊருக்கே தெரிந்த சீமைக் காட்டேரிக் கதையை அவள் நாடகமாக்கியிருந்தாள். கோட்டைக்குப் பதில் திருப்பரங்குன்றம் பக்கம் பூட்டிய பங்களா. ரத்தம் குடிக்கும் ஜமீன்தாராக அவள், அவரிடம் மயங்கும் டைப்பிஸ்ட்டாக நான். ஆண் வேடத்தையும் மாணவிகளே மையால் மீசை வரைந்துகொண்டு போடுவது எங்கள் கல்லூரி வழக்கம். ஒத்திகையில் ஜமீன்தார் என் கழுத்தில் குனிந்ததும் துணை முதல்வர் மேடம் துள்ளி எழுந்தார்.

"மீச வெச்சவன் பொண்ணு கழுத்துல வாய வைக்கிறதா? குடும்பம் குடும்பமா வந்து பாப்பாங்க! அதப் பொம்பளக் காட்டேரியா மாத்து. ரெண்டும் பொண்ணுன்னா தோழிங்க மாதிரி கண்ணியமா இருக்கும். ஆனா கடைசியில அது சாகணும்."

சீனியர் பவ்வியமாகத் தலையாட்டினாள். மேடம் போனதும் மீசையை அழித்துக்கொண்டே, "ஏ புள்ள, நாமளே கேட்டிருந்தா இதக் குடுத்திருப்பாங்களா?" என்றாள். "இத்தனை நூறு வருடத்தில் உன்னைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை" என்ற வசனத்தை அதன்பின் தன் சொந்தக் குரலில் பேசினாள். பதில் வசனம் எனக்கு ஒவ்வொரு முறையும் மறந்தது.

பரீட்சை முடிந்தால் அவள் சொந்த ஊரான எழுமலைக்குப் போய்விடுவாள். அங்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதியையே வாயால் விற்கும் எனக்கு, போகாதே என்ற ஒரு சொல் வரவில்லை.

விழா மேடையில், கடைசிக் காட்சியில், அவள் கண்மூடிக் கிடந்தாள். கூர்சீவிய வேப்பங்கட்டையை நான் அவள் நெஞ்சில் இறக்க வேண்டும். அரங்கமே மூச்சடக்கியது. கட்டையைத் தூக்கி எறிந்தேன்.

"எந்திரி. நீ எங்கயும் போகாத. எங்கூட இரு."

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "வசனம் மறந்துட்டியா லூசு?" என்று முணுமுணுத்தாள்.

"இல்ல. இம்புட்டு நாளா மறந்திருந்தேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

எழுந்தாள். என் கையைப் பிடித்தாள். மேடைப் படியில் இறங்கி, கூட்டத்தின் நடுவே கைகோத்து நடந்து வெளியே போனோம். விடுதிப் பெண்கள் அடித்த விசிலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பின்னாலேயே ஓடிவந்த மேடம், "காட்டேரி சாகலையே!" என்று கத்தினார்.

"சாகாது மேடம்," என்றாள் சீனியர். "அது ஊருக்கும் போகாது."

போகவில்லை. எழுமலையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தும் போகவில்லை. எட்டு வருடம் ஆகிறது. அவள் இப்போது பள்ளி ஆசிரியை, நான் நிஜமாகவே டைப்பிஸ்ட். மதுரையிலேயே, விளாங்குடியில் வாடகை வீடு. போன வாரம் வீட்டுக்கார அம்மா, "நீங்க அக்கா தங்கச்சியா?" என்று விசாரித்தார்.

"இல்லம்மா, இவ என்னையக் கொல்ல வந்தவ," என்றாள் சீனியர். "முடியல. கூட்டிட்டு வந்துட்டா."