குவித்து அளந்த பிரியாணி

அப்பாவைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள் நான். அதிலிருந்து என் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல், பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணத்துக்குத் தனியாகப் பஸ் ஏறி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "சாப்ட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பிடுவேன்" என்றார்.

பிரியாணி என் வீட்டுக்காரர் பொறுப்பு. என்னைக் கரண்டியைக்கூடத் தொடவிடவில்லை. அவர் உப்பளத்துக் குடும்பம். அங்கே கூடைக்கு மேல் உப்பு குவிந்து நின்றால்தான் அது ஒரு கூடை. அந்தக் கைப்பழக்கத்தில் மனுஷன் சீரகச் சம்பாவையும் டம்ளரில் கோபுரமாகக் குவித்து அளந்துவிட்டார். தண்ணீரை மட்டும் ஒன்றுக்கு ஒன்றரை என்று அதே டம்ளரில் ஊற்றினார். தண்ணீர் எங்கே குவியும்?

அப்பா ஒரு வாய் வைத்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"டம்ளர் கணக்கு கரெக்டாதான் ஊத்துனேன்" என்று என் வீட்டுக்காரர் குவித்து அளந்து காட்டினார்.

"அய்யோ, அது என்ன உப்பா? மேல நிக்கிற அரிசிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கத்தியே விட்டேன்.

அப்பா எழுந்தார். போச்சு, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவரோ நேராக அடுப்படிக்குப் போய், வெந்நீர் தெளித்து, பாத்திரத்தை மூடி, அடுப்பைப் பற்றவைத்துச் சின்னதாக்கினார். பிறகு, குவிந்த அரிசியை டம்ளர் விளிம்போடு விரலால் வழித்து உள்ளங்கையில் ஏந்தினார். "பாருப்பா, டம்ளருக்கு இவ்ளோ கூட."

"வழிச்சு அளந்தா எங்க வீட்ல கஞ்சன்னு சொல்லுவாங்க மாமா."

"அப்ப தண்ணியையும் குவிச்சு ஊத்துங்க மாப்ளே, பாப்போம்!"

மாப்ளே! அப்பா வாயிலிருந்து! என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? டம்ளரை நிரப்பி, மேலே சொட்டுச் சொட்டாக விட்டார். விளிம்புக்கு மேல் தண்ணீர் ஒரு நூல் உப்பி நின்றது. "நிக்குது மாமா, குனிஞ்சு பாருங்க!" என்று உற்சாகத்தில் அவர் டம்ளரை நீட்ட, அவ்வளவும் அப்பாவின் சட்டையில் கொட்டியது.

பஸ் போய்விட்டது. சட்டை கொடியில் காய்ந்தது. அப்பா மருமகன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெந்த பிரியாணியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறும் சாக்கில் நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.